குரல் உட்காரும் இடம்

பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று, ஒண்டிப்புதூரில் கொடிகளில் காயும் துணிகளையெல்லாம் கிழக்கே பார்க்க நிறுத்திவைத்திருந்த ஒரு வியாழக்கிழமை காலையில், நாச்சிமுத்துவின் லைன் வீடுகளில் ஏழாம் நம்பருக்கு ஓர் அட்டைப்பெட்டி வந்து இறங்கியது. பெட்டிக்குள் வைக்கோல், வைக்கோலுக்குள் பழைய வேட்டி, வேட்டிக்குள் இரண்டு சின்ன ஸ்பீக்கர்கள். ஒவ்வொன்றும் ஒரு பிஸ்கட் டின் அளவுதான் இருந்தது; தூக்கினால் ஆறு மாதக் குழந்தையின் கனம் கனத்தது. கூடவே கோடு போட்ட தாளில் ஒரு கடிதம்: ‘முப்பது நாள் வைத்துக் கேளுங்கள். குறை இருந்தால் குறையையும் எழுதுங்கள். முப்பதாம் நாள் நானே வந்து எடுத்துக்கொள்கிறேன். அமல்ராஜ், கணபதி.’

ஏழாம் நம்பரில் தனியாகக் குடியிருந்தவள் பூங்கோதை. ஒரு பம்ப் கம்பெனியின் டெஸ்டிங் பிரிவில் இருபத்திரண்டு வருடமாக வேலை. ஓடுகிற மோட்டாரின் மேல் ஸ்க்ரூடிரைவரின் நுனியை வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக்கொண்டு, எந்தப் பக்கத்து பேரிங் எத்தனை மாதம் தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அந்தக் காதை வைத்துக்கொண்டு ‘ஒலிமுற்றம்’ என்ற இணைய இதழுக்கு மாதம் ஒரு ஸ்பீக்கரைக் கேட்டு எழுதுவாள். அவள் நல்லது என்று எழுதியதைக் கண்ணை மூடிக்கொண்டு வாங்குகிற ஆட்கள் கோயம்புத்தூரிலிருந்து யாழ்ப்பாணம் வரை இருந்தார்கள். அளக்காமல் எதையும் சொல்லமாட்டாள் என்று பெயர்.

ஆனால் அந்தக் காதுக்கும் ஒரு தோல்வி இருந்தது. அவள் புருஷன் திருப்பூரில் வேலை என்று சொல்லி ஒரு வருடம் தினமும் போன் செய்தான். “என்ன பண்றீங்க?” என்று கேட்டால் “ஒண்ணுமில்ல, ரூம்ல சும்மா உக்காந்திருக்கேன்” என்பான். அது ரூம் இல்லை, இன்னொரு குடும்பம் என்று வேறு யாரோ சொல்லித்தான் தெரிந்தது. பேரிங்கில் ஒரு தூசி உருண்டாலும் பிடித்துவிடும் காதுக்கு, வருடம் முழுக்கக் கேட்ட குரலில் ஒன்றும் பிடிபடவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் எதையும் அளந்து மட்டும் பேசுகிறவள் ஆனாள்.

ஸ்பீக்கர்களை அவள் முதலில் கண்ணால் பார்த்தாள், பிறகு விரலால். பூவரசுப் பலகை. மூலைகளைக் கூராக விடாமல் கூழாங்கல்போல இழைத்திருந்தார்கள். முகப்பு ஒரு விரற்கடை பின்னால் சாய்ந்திருந்தது. கீழே ஐந்தங்குலக் காகிதக் கூம்பு, மேலே பட்டுத் துணியில் ஒரு சின்னக் கும்மட்டம், முதுகில் காற்றுப் போக ஒரு துளை. பெட்டியை முட்டியால் தட்டினாள். ஒரு சத்தம் கேட்டு உடனே அடங்கியது. நல்ல பெட்டி அப்படித்தான், தன்னைப் பற்றி அதிகம் பேசாது. மூன்று மூன்று ஹாலோ பிளாக் அடுக்கி, சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி இரண்டையும் வைத்தாள். பிறகு கட்டிலில் உட்கார்ந்து வழக்கமான பாட்டைப் போட்டாள்.

பதினோரு வருடமாக எல்லா ஸ்பீக்கருக்கும் அதே பாட்டுதான். எங்கேயோ ஒரு சபாவில் யாரோ பதிந்தது. பாடிய பெண்ணின் பெயர்கூடத் தெரியாது. ஒரு தம்பூரா, ஒரு மிருதங்கம், ஒரு குரல். குரல் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில், கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி வந்து உட்கார்ந்தது. அதுவரைக்கும் நல்ல ஸ்பீக்கர் எதிலும் நடப்பதுதான். அப்போது அடுப்பில் பால் பொங்கும் வாசனை வர, அணைப்பதற்காக எழுந்து நடந்த பூங்கோதையின் முழங்கால், பாடிக்கொண்டிருந்தவளின் தோளில் இடித்தது.

“மன்னிச்சுக்கோங்க” என்று சொல்லிவிட்டு, அவளைச் சுற்றிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

திரும்பி வந்து குனிந்து கையை நீட்டிப் பார்த்தாள். கண்ணுக்கு ஒன்றுமில்லை, கைக்கு இருந்தது. அங்கே காற்று வெதுவெதுப்பாகவும் கெட்டியாகவும் இருந்தது, மேல் ஸ்தாயிக்குப் போகும்போது கொஞ்சம் உயர்ந்து, மூச்சு வாங்கும்போது தணிந்தது. பாட்டு முடிந்ததும் வெறும் காற்றானது. பூங்கோதை நோட்டை எடுத்து எழுதினாள்: ‘குரலின் இருப்பிடம் மிகத் துல்லியம். சுற்றித்தான் போக வேண்டியிருக்கிறது. மிருதங்கத்தின் இடப்பக்க அடியில் கனம் போதவில்லை.’

மிருதங்கக்காரர் உட்கார்ந்த இடம் வாசற்கதவுக்கு நேர் பின்னால். அதனால் பாட்டு ஓடிய ஏழு நிமிடமும் கதவைத் திறக்க முடியவில்லை. வெளியே நின்று தள்ளிப் பார்த்தது நாலாம் நம்பர் ராஜாமணி. கிரைண்டர் கம்பெனியில் பேக்கிங் வேலை பார்ப்பவள், புருஷன் இல்லை, ஒரே மகன் வெளியூரில். பாட்டு முடிந்து கதவு தானாக இளகியதும் உள்ளே வந்து சுற்றிலும் பார்த்தாள்.

“கதவுக்குப் பின்னால ஆரோ உக்காந்திருந்தாங்களாட்ட இருக்குதுங்க்கா.”

“மிருதங்கக்காரர்.”

“எந்திரிச்சுப் போயிட்டாருங்களா?”

“பாட்டு முடிஞ்சிருச்சில்ல.”

“அதுஞ் சரித்தான்” என்றாள் ராஜாமணி, ஒரு டம்ளர் உளுந்து வாங்கிக்கொண்டு போனாள்.

மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் விஷயம் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. லைன் வீடுகள் பத்து. மற்ற ஒன்பதிலும் சேர்த்து முப்பத்தெட்டுப் பேர். முப்பத்தெட்டுப் பேரும் அந்த வாரம் முழுக்க ஏதாவது ஒரு சாக்கில் ஏழாம் நம்பருக்கு வந்து, செருப்பை வெளியே விட்டு, சுவரோரமாக நகர்ந்து, பாட்டுக்காரம்மாவை இடிக்காமல் உட்காரப் பழகிக்கொண்டார்கள். தம்பூராவின் மேல் கை படக்கூடாது என்று பெண்கள் தங்களுக்குள் சொல்லிக்கொண்டார்கள். பாட்டுக்காரம்மாவுக்கு முதுகு காட்டி உட்காரக்கூடாது என்று யாரும் சொல்லாமலே ஒரு வழக்கம் வந்தது. ஒன்றாம் நம்பர் ஜெயசீலி, வெறுந்தரையில் உட்கார்ந்து பாடுகிறாளே என்று ஒரு பாய் கொண்டுவந்து விரித்தாள். எட்டாம் நம்பர் ஹக்கீம் பாய் தையற்காரர், கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை எடுத்து, மரியாதையாகத் தொடாமல் அளந்து பார்த்து, “வாய் தரையிலிருந்து ரெண்டே கால் அடி. சின்ன உடம்புதான். ரவிக்கைக்கு முக்கால் மீட்டர் போதும்” என்றார். வீட்டுக்காரர் நாச்சிமுத்து மட்டும் வாசலில் நின்று, ஆள் கூடினால் செப்டிக் டேங்க் தாங்காது என்று கவலைப்பட்டார். பாட்டுக்காரர்கள் பாத்ரூம் போவதில்லை என்று விளக்கிச் சொன்ன பிறகு, அப்படியானால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று தலையை ஆட்டினார்.

பிறகு அவரவர் தங்கள் தங்கள் சத்தங்களைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஜெயசீலியின் கல்யாண வீடியோவைப் போட்டபோது பேண்டு வாத்தியக்காரர்கள் அறைக்குள் அடங்காமல் சுவரோடு நசுங்கி நின்றதால் எல்லாரும் வெளியே போய்க் கேட்க வேண்டியதாயிற்று. இரண்டாம் நம்பர்க்காரர் விற்றுவிட்ட தன் பசுவின் சத்தத்தைப் போனில் வைத்திருந்தார். அது வந்து நின்றதும் அதன் கழுத்தடியில் கையை விட்டுச் சொரிந்தார். ஐந்தாம் நம்பரில் இருந்த மில் தொழிலாளி, மேஸ்திரி தன்னைத் திட்டிப் போனில் அனுப்பியிருந்த செய்தியைப் போடச் சொல்லி, அந்த இடத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் கைகட்டாமல் நின்றுவிட்டு வேலைக்குப் போனார். யாரும் இது எப்படி என்று கேட்கவில்லை. டிவி எப்படி வேலை செய்கிறது என்றும் அவர்கள் கேட்டதில்லை.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு ராஜாமணி தன் போனை எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் மகன் லோகு, லோகநாதன், சத்தீஸ்கரில் போர்க் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை செய்தான். ஊரிலிருந்து ரயிலில் இரண்டு நாள். ஞாயிறு தவறாமல் ஒரு குரல் செய்தி அனுப்புவான். வீடியோவில் வரச் சொன்னால் டவர் இல்லை என்பான். மகனைப் பார்த்து ஒன்பது மாதம் ஆகிறது என்பதால், அவனைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துக் கேட்கலாமே என்று அவளுக்கு ஆசை. குளித்து, தலை சீவி, நல்ல சேலை கட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

பூங்கோதை போனை ஒயரில் மாட்டினாள். ராஜாமணி இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் போய் நின்று, மகன் நல்ல உயரம் என்பதால், அவன் முகம் வரும் இடத்துக்குக் கையைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

‘அம்மா, நல்லா இருக்கேன். இங்க மழை, அதனால வண்டி ஓடல. சாப்ட்டுட்டேன். நீ மாத்திரை போட்டியா? சரி, வெச்சறட்டுமா.’

தூக்கிய கையில் ஒன்றும் படவில்லை. குரல் அவள் முழங்கால் உயரத்திலிருந்து வந்தது.

“கீழ இருக்கானுங்க்கா” என்றாள்.

“உக்காந்து பேசியிருப்பான்” என்றாள் பூங்கோதை. சொன்ன வேகத்திலேயே அது பொருந்தவில்லை என்று அவளுக்குப் பட்டது. மறுபடி போட்டாள். ஹக்கீம் பாய் டேப்பைப் பிடித்தார்.

“ஒண்ணே முக்கால் அடி” என்றார். “தரையில உக்காந்தா ரெண்டே கால், ரெண்டரை வரணும். நாற்காலின்னா மூணரைக்கு மேல. இது ரெண்டுமில்லையேம்மா.”

பழைய செய்திகளைப் போடச் சொன்னாள் பூங்கோதை. ஐந்து வாரத்துக்கு முந்தையதில் லோகு நிமிர்ந்து நின்றான், ஐந்தடி ஒரு அங்குலத்தில் வாய். நாலு வாரத்துக்கு முந்தையதிலும் அதே. மூன்று வாரத்துக்கு முன்னால் திடீரென்று ஒன்றே முக்கால் அடிக்கு இறங்கினான். அதற்கடுத்த வாரமும் ஒன்றே முக்கால். போன வாரமும் ஒன்றே முக்கால். ஒவ்வொரு முறையும் அதே சிரிப்போடு, அதே ‘நல்லா இருக்கேன்’.

ராஜாமணி தரையில் மண்டி போட்டாள். கடைசிச் செய்தி ஓடும்போது உள்ளங்கையை அந்தக் குரலுக்குச் சற்று மேலே, நெற்றி இருக்கும் இடத்தில் வைத்தாள். செய்தி முடிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.

“சுடுதுங்க்கா.”

அவள் பூங்கோதையைத் திரும்பிப் பார்த்தாள். “உங்களுக்கு இதெல்லாம் தெரியும். இந்த ஸ்பீக்கர் சொல்றது நெசந்தானுங்களா?”

பதினோரு வருடத்தில் பூங்கோதையிடம் எத்தனையோ பேர் இந்தக் கேள்வியை எழுத்தில் கேட்டிருக்கிறார்கள். யாரும் மண்டி போட்டுக் கேட்டதில்லை. போன் மைக் ஒன்றே ஒன்று, அதில் பதிவாகும் குரலுக்கு உயரம் கிடையாது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் கைக்குத் தட்டுப்பட்ட தோளும் தெரியும். நெசம் என்று சொல்லி அது பொய்யாகப் போனால், இந்தப் பொம்பளை பாஷை தெரியாத ஊருக்கு இரண்டு நாள் ரயிலில் போய், வேலை செய்துகொண்டிருக்கும் மகனை ஆட்கள் முன்னால் அவமானப்படுத்திவிட்டு வருவாள். பொய் என்று சொல்லி அது நெசமாகப் போனால், அவன் அங்கேயே கிடப்பான். திருப்பூரிலிருந்து வந்த அந்தக் குரல் பூங்கோதைக்கு ஞாபகம் வந்தது. அப்போது இப்படி ஒரு ஜோடி ஸ்பீக்கர் இருந்திருந்தால், ரூமில் சும்மா உட்கார்ந்திருந்தவனின் மடியில் ஒரு குழந்தை இருந்தது கைக்குத் தெரிந்திருக்கும்.

“சாயங்காலம் வரைக்கும் டைம் குடு ராஜாமணி. சோதிச்சுப் பாத்துச் சொல்றேன்.”

அன்றைக்கு அந்த லைன் வீடுகளில் யாரும் மத்தியானத் தூக்கம் தூங்கவில்லை. பூங்கோதை ஒன்பது பேரைப் பொறுக்கி, ஒவ்வொருவரையும் அவரவர் வீட்டுக்கு அனுப்பினாள். கதவைச் சாத்திக்கொண்டு, நின்றோ உட்கார்ந்தோ படுத்தோ, ‘நல்லா இருக்கேன்’ என்று இரண்டு தடவை பேசிப் பதிய வேண்டும். எப்படி இருந்தோம் என்பதைச் சீட்டில் எழுதி மடித்து ஒரு தூக்குப்போசியில் போட வேண்டும். யாரும் யாரிடமும் சொல்லக்கூடாது. அதன் பிறகு பூங்கோதை ஒவ்வொன்றாகப் போட, ஹக்கீம் பாய் கண்ணை மூடிக்கொண்டு கையால் தடவி டேப்பை வைத்து அளந்து சொல்ல, அவள் நோட்டில் எழுதிக்கொண்டாள். பதினெட்டு ‘நல்லா இருக்கேன்’கள். சிலது வாசலருகே நின்றன, சிலது பாயில் உட்கார்ந்தன, சிலது தரையோடு தரையாகக் கிடந்தன. ராஜாமணி வெளியே துவைக்கும் கல்லில் உட்கார்ந்து, துவைக்க ஒன்றும் இல்லாமல், குழாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

நாலரை மணிக்குத் தூக்குப்போசியைத் திறந்தார்கள். பதினேழு சரி. நின்றவர் நின்றபடி, படுத்தவர் படுத்தபடி. ஒன்றே ஒன்றுதான் தப்பு: நாச்சிமுத்து ‘நின்றேன்’ என்று எழுதியிருந்தார், ஸ்பீக்கர் அவரைத் தரையிலிருந்து ஒன்றரை அடியில் காட்டியது.

பூங்கோதை அந்தச் சீட்டை மறுபடி விரித்துப் படித்தாள். ஒரு தப்பு வந்துவிட்டால் பதினேழு சரிக்கும் மதிப்பில்லை.

“ஐயா, நீங்க ரெண்டாந் தடவை நின்னுட்டுத்தான் பேசுனீங்களா?”

நாச்சிமுத்து மீசையைத் தடவினார். மனைவியைப் பார்த்தார்.

“நிக்கணும்னுதாங்க எழுதுனேன்” என்றார். “எழுதிட்டுக் கட்டல்ல கொஞ்சம் சாஞ்சேன். சாஞ்ச வாக்குல பேசிப்போட்டேன்.”

பூங்கோதை நோட்டை மூடினாள். வெளியே போய் ராஜாமணியின் பக்கத்தில், அதே துவைக்கும் கல்லில் உட்கார்ந்தாள்.

“லோகு படுத்திருக்கான்” என்றாள். “மூணு வாரமா படுத்திருக்கான். காய்ச்சலும் இருக்கு. அதுக்கு மேல எனக்குத் தெரியாது. ஆனா இது நெசம்.”

ராஜாமணி அழவில்லை. போனை எடுத்து மகனுக்குப் போட்டாள். மூன்று தடவை அடித்து, நாலாவது தடவை எடுத்தான்.

“லோகு.”

“சொல்லும்மா. வேலையில இருக்கேன்.”

“நீ படுத்துட்டுத்தானே பேசற?”

லோகுவின் குரல் இறங்கியது.

“ஆரும்மா சொன்னா?”

“ஆரும் சொல்லலடா. கேட்டுச்சு.”

அப்போதுதான் அவன் சொன்னான். மழையில் ரிக்கின் இரும்பு ராடு ஒன்று வழுக்கி வலது கால் மேல் விழுந்தது. ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டுப் படுக்கவைத்துவிட்டு வண்டிக்காரர்கள் அடுத்த ஊருக்குப் போய்விட்டார்கள். கட்டுக்கு உள்ளே புண்ணாகிவிட்டது. அம்மா தனியாக இருக்கிறாள், பயந்துகொள்வாள் என்று சொல்லவில்லை. எழுந்து நடந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

மறுநாள் காலை ரயிலில் ராஜாமணி கிளம்பினாள். உருது பேசுகிறவருக்கு இந்திக்காரர்களிடம் நாலு வார்த்தை ஓடும் என்று ஹக்கீம் பாயும் கூடப் போனார். தைக்கக் கொடுத்த துணிகளை ஜெயசீலியிடம் ஒப்படைத்தார். ஸ்டேஷனுக்கு ஆட்டோ ஏறும்போது கழுத்திலிருந்த இஞ்ச் டேப்பைக் கழற்றிப் பூங்கோதையின் கையில் கொடுத்தார்.

“அங்க எனக்கு இது வேண்டாம்மா. போய் நின்னா கண்ணுக்கே தெரியப்போகுது. இங்க இருக்கறவங்களுக்குத்தான் வேணும்.”

மூன்றாம் நாள் பத்து மணிக்கு ராஜாமணியின் செய்தி வந்தது. பத்து வீட்டு ஆட்களும் ஏழாம் நம்பரிலும் வாசலிலும் வழியிலுமாக நின்றார்கள். பூங்கோதை போட்டாள்.

‘கோதக்கா, வந்து சேந்துட்டமுங்க. பாய் பெரிய ஆஸ்பத்திரிக்கு மாத்தறதுக்கு வண்டி பேசிட்டிருக்காருங்க. காலை எடுக்க வேண்டியதில்லைன்னு டாக்டர் சொல்லிட்டாராம். இன்னும் நாலு நாள் விட்டிருந்தா அப்படிச் சொல்லியிருக்க முடியாதாம்.’ பின்னாலேயே லோகுவின் குரல்: ‘அம்மா, அதையெல்லாம் எதுக்குச் சொல்ற.’

லோகு ஒன்றே முக்கால் அடியில் கிடந்தான். ராஜாமணியின் குரல் அவன் மேல் குனிந்திருந்தது. பூங்கோதை டேப்பைப் பிடித்தாள். இரண்டு குரலுக்கும் நடுவில் நாலு அங்குலம் இருந்தது. அவள் அதைச் சத்தமாகப் படித்துச் சொன்னாள். வாசலில் நின்றவர்கள் வழியில் நின்றவர்களுக்குச் சொன்னார்கள், நாலு அங்குலம், நாலு அங்குலம் என்று அது கடைசி வீடு வரைக்கும் போனது.

அதற்குப் பிறகு தினமும் செய்தி வந்தது. ஆபரேஷன் முடிந்த மறுநாளும் ஒன்றே முக்கால், ஆனால் சூடு தணிந்திருந்தது. அடுத்த நாள் தலையணை வைத்து உயர்த்தியிருந்தார்கள், இரண்டடி ஒரு அங்குலம். பிறகு கட்டிலில் உட்கார்ந்து மூன்றரை அடி. குழந்தை வளர்வதைக் குறிக்கிறமாதிரி பூங்கோதை சுவரில் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதினாள். பால்காரர் பால் ஊற்றும்போது “இன்னைக்கு எவ்வளவுங்க?” என்று கேட்டு, அடுத்த வீடுகளுக்கு அதையும் சேர்த்து ஊற்றிவிட்டுப் போனார். ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் குரல் நாலடி பத்தங்குலத்தில், கொஞ்சம் இடப்பக்கமாகச் சாய்ந்து, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றது: ‘கோதக்கா, அளந்து பாருங்க.’ ஜெயசீலி பாயைச் சுருட்டி எடுத்து அவன் நிற்க இடம் விட்டாள்.

அந்த நாட்களில்தான் பூங்கோதை மதிப்புரையை எழுதி முடித்தாள். குறையை மறைக்கவில்லை. அடிநாதம் குறைவு, பெரிய அறைக்கு ஆகாது, சுவரோடு ஒட்டி வைத்தால் ஆண்குரல் குடத்துக்குள் பேசுவதுபோல ஆகிவிடும், பித்தளைத் தாளத்தில் ஒரு சின்னக் கூச்சல் இருக்கிறது. இதை எழுதும்போது, நன்றி கெட்டவள்போல எழுதுகிறோமோ என்று ஒரு நிமிடம் பேனாவை நிறுத்தினாள். ஆனால் பதினேழு சரியும் ஒரு தப்பும் என்று வந்தபோது அந்தத் தப்பை விசாரித்ததால்தான் மற்றது நிமிர்ந்து நின்றது என்பதால், எழுதியதை அடிக்கவில்லை. கடைசியில் சேர்த்தாள்: ‘குரல்களை அவை இருந்த இடத்தில், இருந்த உயரத்தில், இருந்தபடியே வைக்கிறது. இதில் நான் கேட்டவற்றுள் இதற்கு இணை இல்லை. நடுவில் நாற்காலி போட வேண்டாம்.’ படித்தவர்கள் கடைசி வரியை அவளுடைய நடை என்று எடுத்துக்கொண்டார்கள்.

இருபத்தேழாம் நாள் லோகு வாக்கரை ஊன்றிக்கொண்டு ஆட்டோவிலிருந்து இறங்கினான். இளைத்திருந்தான். குழாயடியில் இருந்தவர்கள் அவனை நலம் விசாரிக்காமல், முதலில் ஏற இறங்கப் பார்த்தார்கள். பிறகு ஒருவரையொருவர் பார்த்துத் தலையாட்டிக்கொண்டார்கள். ராஜாமணி அன்று முழுக்க அவனை உட்கார விடவில்லை, நிற்கவும் விடவில்லை.

முப்பதாம் நாள் காலை அமல்ராஜ் வந்தார். அறுபது வயது, காதி சட்டை, மொபெட்டின் பின்னால் ஒரு கோணிச்சாக்கு. இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிகளுக்கு மரத்தில் பேட்டர்ன், அதாவது வார்ப்பு மாதிரி, செய்துகொடுக்கிறவர். வாசலில் நின்று கும்பிட்டார். யார் பேசினாலும் தலையை இடப்பக்கம் சாய்த்து, வலது காதை முன்னால் நீட்டிக் கேட்டார். கழுத்தே அந்தப் பக்கமாகக் கோணிப் பழகியிருந்தது.

“படிச்சேனுங்க” என்றார். “தாளத்துல கூச்சல்னு எழுதியிருந்தீங்க. சரிதானுங்க. மேல இருக்கற கும்மட்டத்துக்கு இன்னும் ஒரு பூச்சு கொடுத்திருக்கணும். ஆனா கடைசியில எழுதியிருந்தீங்களே, இருந்த இடத்துல வைக்குதுன்னு. அது எனக்குப் புரியலீங்க.”

“ஏங்க புரியல? நீங்கதானே செஞ்சீங்க.”

“எனக்கு இடது காது கேக்காதுங்க. ஃபவுண்டரியில ஒரு நாள் போனது, இருபத்தாறு வருஷமாச்சு. ஒரு காதுக்காரனுக்குச் சத்தம் கேக்கும், அது எங்க இருந்து வருதுன்னு கேக்காது. ஒவ்வொரு பெட்டியா இந்தக் காதுல வெச்சுச் சரி பண்ணுனேன். ரெண்டும் ஒண்ணு மாதிரி வந்துச்சு. ரெண்டையும் சேத்து வெச்சா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாது. அதுக்குத்தான் உங்களுக்கு அனுப்புனேன்.”

பூங்கோதை லோகுவைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தாள். அது பிறகு ஆகட்டும் என்று தோன்றியது. அவரை உள்ளே கூப்பிட்டு, இரண்டு ஸ்பீக்கருக்கும் எதிரே நிறுத்தி, வழக்கமான பாட்டைப் போட்டாள்.

அமல்ராஜ் தலையைச் சாய்த்துக் கேட்டார். “சுதி சுத்தமா இருக்குதுங்க” என்றார். அவ்வளவுதான் அவருக்குக் கேட்டது.

“கையை நீட்டுங்க” என்றாள் பூங்கோதை. “இல்லைங்க, கொஞ்சம் கீழ. இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்.”

அவர் குனிந்து, இழைத்த பலகையில் மேடு பள்ளம் பார்க்கிறவரைப்போல, விரல்களைப் பரப்பி மெல்ல நகர்த்தினார். விரல் நுனி நின்றது. உள்ளங்கை நின்றது. மூச்சு வாங்கும் இடத்தில் அது தணிந்து, அடுத்த வரி எடுக்கும் இடத்தில் உயர்ந்தது. கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

“பொம்பளைங்க மேல கை பட்டுருச்சு” என்றார் மெதுவாக.

“பரவாயில்லைங்க. அவங்க ஒண்ணும் நினைச்சுக்க மாட்டாங்க.”

“எனக்கு நேரா நிக்கறாங்களாங்க?”

“உக்காந்திருக்காங்க. நீங்கதான் நிக்கறீங்க.”

வாசலில் ராஜாமணியும் ஹக்கீம் பாயும் வாக்கரைப் பிடித்தபடி லோகுவும் நின்றிருந்தார்கள். அமல்ராஜ் வேட்டியைத் தழைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். இப்போது பாடுகிறவளின் மூச்சு அவர் முகத்தில் பட்டிருக்க வேண்டும். மறுபடி கையை நீட்டி, தொடாமல், ஒரு விரற்கடை தள்ளி அந்த வெதுவெதுப்புக்கு நேராகப் பிடித்துக்கொண்டார். பிறகு, இருபத்தாறு வருடமாகச் சாய்ந்தே இருந்த தலையை, கழுத்து வலிக்க வலிக்கக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி, எதிரில் இருப்பவரை நேருக்கு நேர் பார்த்துக் கேட்கிற ஒரு மனிதனைப்போல, பாட்டு முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.